அறுபத்தொன்றாம் எண்

மார்ச் 4

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்களுக்கு என்னைத் தெரியாது, எனக்கும் உங்களைத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நீங்கள் அனுப்பும் சட்டை எனக்கு அளவெடுத்தாற்போல் இருக்கிறது. அம்மா துப்புக் கொடுக்கிறாள் என்று நினைக்கிறேன். பார்சல் மேல் இருந்த முகவரியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். தொலைபேசி எண் கேட்டேன். "வேணாம்டி, பேரைச் சொன்னாலே உங்கப்பா முகம் ரெண்டு நாளைக்கு மூடின கடை மாதிரி இருக்கும்" என்றாள்.

நான் உங்கள் அண்ணன் மகள். வயது பதினாறு. வீட்டில் என் பெயர் வாலு. பள்ளியில் வேறு பெயர், அதை ஆசிரியர்கள் கோபம் வரும்போது மட்டும் முழுசாகச் சொல்வார்கள். அதனால் தினமும் கேட்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு நாடகத்தைப் போட்டுவிட்டேன். இயக்கம்: நீங்கள்.

முதலிலிருந்து சொன்னால்தான் என்னைக் கொஞ்சமாவது மன்னிப்பீர்கள். ஜனவரியில் நம் அரங்கத்தில் நடந்த நாடகத்தில், கதாநாயகன் இறந்துபோன தந்தையின் கடிதத்தைப் பிரித்து வாசிக்கிற காட்சி உண்டு. நடித்தவரை எல்லோரும் 'வெண்கலம்' என்பார்கள், குரல் அப்படி. மேடையில் வாசிக்கிற கடிதத்தை எந்த நடிகரும் மனப்பாடம் செய்ய மாட்டார். கையில்தான் காகிதம் இருக்கிறதே என்ற தைரியம். எட்டாவது காட்சியன்று காகிதத்தை நான் மாற்றி வைத்தேன். வெண்கலம் கண்ணீரோடு வாசித்தார்: "மகனே, நீ இதை வாசிக்கும்போது என் கண்கள் மூடியிருக்கும். உன் பேன்ட் ஜிப் திறந்திருக்கும்."

குனிந்து பார்த்தார், அத்தை. ஜிப் மூடித்தான் இருந்தது. அடுத்த நாலு நிமிஷம் அவர் வாய்தான் மூடவில்லை.

அப்பா மேடை மேலாளர் என்று உங்களுக்குத் தெரியும். திட்டவில்லை. அவர் திட்டினால் பரவாயில்லை, யோசித்தால்தான் ஆபத்து. மறுநாள் ஏழு தடிப் பதிவேடுகளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். அரங்கத்துக்கு வரும் ஜூனில் ஐம்பது வயது. அதற்கு ஒரு மலர். இதுவரை போட்ட நாடகங்கள் மொத்தமும், எண், தேதி, எழுத்து, இயக்கம், நடிகர்கள், எத்தனை காட்சி, என்னென்ன செட் சாமான் என்று வரிசையாக வர வேண்டுமாம். தட்டச்சு செய்வது நான். "உனக்கு எழுதி மாத்தி வைக்கறதுல ஆர்வம் இருக்கு. இதை மாத்தாம எழுது."

மாற்றாமல்தான் எழுதினேன். அறுபது வரைக்கும். அறுபதுக்கு அப்புறம் பதிவேட்டில் அறுபத்திரண்டு இருக்கிறது. நடுவில் ஒரு பக்கம் காலி. நூற்றுப் பதினெட்டு நாடகத்தில் ஒன்று பல் விழுந்த மாதிரி இளித்தது. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பொய்ப்பல் கட்டிவிட்டேன்.

"61. யானைக்கு வியர்க்காது. மூன்று அங்கம். ஒன்பது காட்சிகள்." இயக்குநர் பெயர் வேண்டும். ஊரில் இருப்பவர் பெயரைப் போட்டால் வந்து கேட்பார்கள். அம்மாவின் அலமாரியில் நீங்கள் மேடையில் நிற்கிற படம் பார்த்திருக்கிறேன். எனவே உங்களைப் போட்டேன்.

இங்கேதான் கதை கையை மீறிப் போகிறது. மலரின் மாதிரிப் பிரதியைச் சரிபார்க்கச் சொல்லி, பல வருஷமாக நாடகம் பார்க்க வருகிற பத்துப் பேருக்கு அனுப்பினார்கள். நாலு பேர் யானையைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கு இரண்டாம் அங்கம் இழுவையாக இருந்ததாம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், "61-க்கு நானும் மனைவியும் போயிருந்தோம், அவள் அழுதுவிட்டாள்" என்கிறார். யானைக்கு வியர்க்காததற்கு எதற்கு அழ வேண்டும்?

அப்பா இன்னும் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடட்டுமா, அல்லது நீங்கள் உண்மையிலேயே ஏதாவது இயக்கி என்னைக் காப்பாற்ற முடியுமா? இன்னொன்று. அந்தப் பக்கம் ஏன் காலி? அப்பா பேனா மூடியைக்கூட எண்ணி வைக்கிறவர்.

பயத்துடன் (கொஞ்சம்),
வாலு


மார்ச் 11

வாலு,

முதலில் யானையை எடு. இன்றைக்கே. உன் அப்பா அந்தப் பக்கத்தைத் திருப்புவதற்குள் எடு.

வெண்கலத்தின் விஷயத்துக்குச் சிரித்தேன். அலுவலகத்தில் வாசித்திருக்கக் கூடாது. நான் இங்கே பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுகிறேன். எட்டு பத்துக்கு வரும் என்று நான் எழுதுவேன், எட்டு இருபத்தைந்துக்கு வரும், மக்கள் என்னைத் திட்டுவார்கள். நாடகத்துக்கு ரொம்பத் தூரம் வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

இனி நீ கேட்டது. அறுபத்தொன்று காலி இல்லை. அது என்னுடையது.

அந்த அரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, இப்போதும் இருக்கும். ஒத்திகை தொடங்குகிற நாளில் நாடகத்துக்கு எண் கொடுப்பார்கள். ஆனால் பார்வையாளர்கள் முன்னால் முழுசாக நடந்து, கடைசித் திரை விழுந்த பிறகுதான் பதிவேட்டில் எழுதுவார்கள். எனக்கு எண் கிடைத்தது. திரை கிடைக்கவில்லை.

நாடகத்தின் பெயர் 'மேலே யாரும் இல்லை'. நான் எழுதி, நானே இயக்கியது. வயது இருபத்தாறு. ஒரு பழைய குடியிருப்பு, ஆறு பேர். கதை முழுக்கப் படிக்கட்டிலேயே நடக்கும். ஒருத்தரைப் பற்றி ஒருத்தர் புகார் சொல்ல மேல் மாடிக்காரரைத் தேடி ஏறிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் படிக்கட்டை நானே வரைந்தேன். இருபத்திரண்டு படி, பாதியில் ஒரு திருப்பம், கைப்பிடி கிடையாது. தச்சர் என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இதை வரைஞ்சது ஆளா, வெள்ளாடா?" என்று கேட்டார். ஆனால் கட்டிக் கொடுத்தார்.

அரங்கேற்றத்தன்று மதியம் உன் அப்பா ஏறிப் பார்த்தார். மூன்றாவது படியில் நின்றார். ஆடுகிறது என்றார். ஆறு நடிகர்களையும் என்னையும் வைத்துக்கொண்டு, "இதுல ஏறினா இதுங்க ஆறும் செத்துரும். கொலை பண்ணவா கூட்டிட்டு வந்தே?" என்றார். எல்லோரையும் வெளியேற்றி மேடைக் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டிக்கெட் வாங்கி வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

ஆடியது படிக்கட்டு இல்லை, அவர்தான் என்று நான் கத்தினேன். மறுநாள் காலை ஆறு மணி ரயிலில் ஏறினேன். பத்தொன்பது வருஷம் ஆகிறது.

உன் அம்மா நல்லவள். சட்டை அளவு அவள்தான் சொல்கிறாள், சரியாகக் கண்டுபிடித்தாய். நான் எழுதியதை உன் அப்பாவிடம் சொல்லாதே.

அத்தை


மார்ச் 19

அன்புள்ள அத்தை,

யானையை அனுப்பிவிட்டேன். ஒரு யானையை ஒரு பொத்தானை அழுத்தி அழிக்கலாம், ஆனால் பார்த்தவர்களை அழிக்க முடியவில்லை. இரண்டாம் அங்கம் இழுவை என்றவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "நல்ல நாடகத்தை ஏன்மா எடுத்தீங்க?" என்று வருத்தப்பட்டார்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அப்பா மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஆச்சரியம் வரவில்லை. அவர் கேஸ் அடுப்பை மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் வெளியே கிளம்புவார். தெரு தாண்டும்போது இன்னும் என் கையைப் பிடிப்பார். எனக்குப் பதினாறு, பக்கத்தில் என் வகுப்புப் பையன்கள் நிற்கிறார்கள், அவருக்கு அவர்களும் லாரி மாதிரிதான். மலரில் மூன்றாம் பக்கம் முழுக்க அவரைப் பற்றி: 'இருபத்தாறு ஆண்டுகளாக ஒரு காட்சியும் நிற்காமல் காத்த மேலாளர்.' நானே தட்டச்சு செய்தேன். இப்போது அதைப் பார்த்தால் விரல் கூசுகிறது.

ஆனால் கடிதம் எழுதுவது அதற்காக இல்லை. உட்கார்ந்து படியுங்கள்.

பதிவேட்டில் ஒவ்வொரு நாடகத்துக்கும் செட் சாமான் பட்டியல் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், புதியதா, இரவலா, பழையது என்றால் எந்த எண் நாடகத்திலிருந்து என்று அப்பா எழுதுவார். நாற்காலி, 40-இலிருந்து. ஜன்னல், 57-இலிருந்து. அறுபத்திரண்டில் இப்படி இருக்கிறது: "படிக்கட்டு, 22 படி, திருப்பத்துடன், 61-இலிருந்து."

போன மாதம் அதைத் தட்டச்சு செய்தபோது கைப்பிழை என்று நினைத்து எழுதிக்கொண்டே போனேன். உங்கள் கடிதம் வந்ததும் ஏழு பதிவேட்டையும் திரும்பத் தரையில் பரப்பினேன். பதினொரு நாடகங்கள், அத்தை. 62, 64, 67, 70, 75, 81, 88, 93, 99, 106, 112. எல்லாவற்றிலும் உங்கள் படிக்கட்டு. 64-இல் கைப்பிடி மட்டும் புதிதாகப் போட்டிருக்கிறார்கள், மற்றபடி அதேதான்.

70-இல் ஒரு கல்யாண ஊர்வலம். அந்தப் படிக்கட்டில் முப்பத்தோரு பேர், இரண்டு மேளம். 88 சிறுவர் நாடகம். நாற்பத்து நாலு பிள்ளைகள் தவளை வேஷம். தவளைகள் நடக்காது, குதிக்கும். பதினெட்டு காட்சி குதித்திருக்கின்றன. அதில் ஒரு தவளை நான். ஐந்து வயதில், மேலிருந்து மூன்றாவது படியில் நின்று பச்சைத் தொப்பியோடு கத்தியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. படி ஆடவே இல்லை.

பட்டியல் ஒவ்வொன்றுக்கும் கீழே பாதுகாப்புச் சோதனை என்று ஒரு கட்டம். பதினொன்றிலும் 'உறுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பது அப்பா.

இதை அவரிடம் கேட்கட்டுமா? நீங்கள் வேண்டாம் என்றால் கேட்க மாட்டேன். எனக்கு வாயை மூடி வைத்திருக்கத் தெரியும். பழக்கம்தான் இல்லை.

வாலு


மார்ச் 27

வாலு,

உன் கடிதத்தை நாலு நாள் பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். இரண்டு பேருந்துகளை ஒரே நேரத்தில் ஒரே நிறுத்தத்துக்கு அனுப்பிவைத்தேன். மேலதிகாரி கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போன கடிதத்தில் சொல்லாதது. ஆடியது அவர்தான் என்று நான் கத்தினேன் இல்லையா? அது கத்தல்தான். ரயிலில் உட்கார்ந்ததும் நான் அவரை நம்பிவிட்டேன்.

ஏன் நம்ப மாட்டேன்? சின்ன வயதில் சைக்கிள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர் அவர். விழுவாய் என்றால் விழுவேன். அவர் ஆடுகிறது என்றால் ஆடும். அன்று அந்தக் கதவைப் பூட்டியிருக்காவிட்டால் ஆறு பேரைக் கொன்றிருப்பேன் என்றுதான் பத்தொன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் கத்தியதற்குத்தான் கோபம். பூட்டியதற்கு, வெளியே சொன்னதில்லை, நன்றியாகவே இருந்தது.

அதற்கப்புறம் நான் ஒன்றும் எழுதவில்லை. ஒன்றும் வரையவில்லை. இங்கேயும் ஒரு நாடகக் குழு இருக்கிறது, இரண்டு முறை வந்து கூப்பிட்டார்கள். எனக்கு நேரமில்லை என்றேன். நேரம் போடுவதே என் வேலை, எனக்கு நேரமில்லையாம். கை வைத்தால் இடிந்துவிடும் என்ற பயம். அதனால்தான் அட்டவணை. தாளில் போட்ட கோடு யார் தலையிலும் விழாது.

இப்போது நீ சொல்கிறாய், தவளைகள் குதித்தனவாம்.

அவரிடம் ஒன்றே ஒன்று கேள். நல்லது கெட்டது எதுவும் பேசாதே. எப்போது தெரியும் என்று கேள். 62-க்கு எடுத்தபோது தெரிந்ததா, தவளைகள் குதித்தபோது தெரிந்ததா? எந்த நாளில் தெரிந்துகொண்டு சும்மா இருந்தார் என்று எனக்குத் தேதி வேண்டும்.

அத்தை


ஏப்ரல் 3

அன்புள்ள அத்தை,

கேட்டுவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். மாற்றவில்லை.

ஞாயிறு மதியம். அப்பா செட் கிடங்கில் சாமான்களுக்கு எண் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். உங்கள் படிக்கட்டு அங்கேதான் இருக்கிறது, கடைசிச் சுவரோரம், மேலே ஒரு பழைய திரைத் துணியைப் போர்த்திக்கொண்டு. நான் போய் ஏழாவது படியில் உட்கார்ந்தேன்.

"இறங்கு, தூசி."

"அப்பா, இந்தப் படிக்கட்டு கெட்டின்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

யார் சொன்னார்கள் என்று கேட்பார் என்று நினைத்தேன். அதற்கு மூன்று பொய் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. பசை டப்பாவை மூடினார்.

"அன்னைக்கே."

"அன்னைக்கேன்னா?"

"அதே நாள். சாயந்தரம் அஞ்சரை மணி."

அத்தை, நீங்கள் தேதி கேட்டீர்கள். அவர் மணியோடு சொல்கிறார்.

எல்லோரையும் வெளியே அனுப்பின பிறகு, தச்சரும் லைட்காரரும் அவரும் மட்டும் உள்ளே போயிருக்கிறார்கள். ஒவ்வொரு படிக்கும் இரண்டு மணல் மூட்டை. நாற்பத்து நாலு மூட்டை ஏற்றியும் முனகல்கூட இல்லை. மூட்டைகளை இறக்கிவிட்டு மூன்று பேரும் ஏறிக் குதித்தார்கள். தச்சர், "இது மேல லாரி ஓட்டலாம்யா" என்றாராம். மூன்றாவது படிக்கு நேர் கீழே மேடைத் தரைப் பலகை ஒன்று ஆணி கழன்று கிடந்திருக்கிறது. ஆடியது அது. உங்கள் படிக்கட்டு இல்லை, அவருடைய மேடை. நாலு ஆணி அடித்தார்கள், நின்றுவிட்டது. அதற்குள் நடிகர்கள் கலைந்து போயிருந்தார்கள்.

"அப்போ போய்ச் சொல்ல வேண்டியதுதானே?"

"போனேன். அவ ரூமுக்கு வெளியே நின்னேன். உள்ளே பெட்டி கட்டுற சத்தம் கேட்டுச்சு. அத்தனை பேர் முன்னாடி கொலைகாரின்னு சொல்லிட்டு, நாலு ஆணின்னு எப்படிச் சொல்றது? காலைல சொல்லிக்கலாம்னு வந்துட்டேன். காலைல போனா ரூம் காலி."

"தச்சர் சொல்லியிருக்கலாமே."

"நானே சொல்லிக்கறேன்னு அவங்க வாயையும் அடைச்சுட்டேன்."

"லெட்டர் போட்டிருக்கலாமே."

"ஒரு வாரம் கழிச்சு உக்காந்தேன். ஒரு வாரம் ஏன் ஆச்சுன்னும் சேர்த்து எழுதணும்ல. மாசம் ஆச்சு. வருஷம் ஆச்சு. அப்புறம் தாமதத்துக்கே தனி லெட்டர் தேவைப்பட்டுது. அவளும் வேற வேலைக்குப் போயிட்டா, நல்லா இருக்கான்னு உங்கம்மா சொன்னா. நல்லா இருக்கறவளை எதுக்குக் கிளறணும்னு..."

"அவங்க நல்லா இல்லப்பா" என்றேன். நீங்கள் எழுதியதை முழுக்கச் சொல்லிவிட்டேன், அத்தை. சொல்லக் கூடாது என்றீர்கள். நன்றியாக இருந்தது என்று எழுதினீர்களே, அதையும் சொன்னேன். என்னைத் திட்டுங்கள்.

அப்பா முதல் படியில் உட்கார்ந்தார். அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. ஒரு எண் சீட்டை எடுத்து மடித்து, மடித்து, பொடி செய்துவிட்டார். அவர் எதையும் வீணாக்குகிறவர் இல்லை.

லைட்காரரிடம் பிறகு கேட்டேன். அந்தப் படிக்கட்டைப் பிரித்து விறகாக்கச் சொல்லி மூன்று செயலாளர்கள் சொல்லியும் அப்பா விடவில்லையாம். எந்த இயக்குநர் வந்தாலும், "ஒரு நல்ல படிக்கட்டு இருக்கு, வேணுமா?" என்று கேட்பாராம். 93 காட்டில் நடக்கிற கதை. "காட்டுக்குள்ள எதுக்குய்யா மாடிப்படி?" என்று இயக்குநர் தலையில் அடித்துக்கொள்ள, அப்பா அதன்மேல் இலை தழை கட்டி மலை ஆக்கிவிட்டாராம். 61 என்ற எண்ணை வேறு நாடகத்துக்குக் கொடுக்கவும் விடவில்லையாம்.

இதைச் சொல்வதால் அவர் செய்தது சரியாகிவிடாது. எனக்கும் தெரியும். வீட்டில் இரண்டு நாளாக நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. நேற்று அவரே காகிதம் எடுத்து உங்களுக்கு எழுத உட்கார்ந்தார். 'நலம், நலமறிய ஆவல்' வரை போனார். அப்புறம் கேஸ் அடுப்பைப் பார்க்க எழுந்தார். மூன்று முறை.

வாலு


ஏப்ரல் 12

வாலு,

உன்னைத் திட்டவில்லை. நீ சொல்லாவிட்டால் அவர் நான் நலம் என்றே நினைத்துக்கொண்டு சாகும்வரை இருந்திருப்பார். ஆனால் இனிமேல் என் கடிதங்களை நாடகமாகப் போடாதே.

மலை ஆக்கினாராமே. அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அது எனக்குப் பிடிக்கவில்லை. நான் கோபமாக இருக்கிறேன். பழைய கோபம் இல்லை, புத்தம்புதியது. அஞ்சரை மணிக்குத் தெரிந்திருக்கிறது. என் ரயில் மறுநாள் காலை ஆறு மணிக்கு. நடுவில் பன்னிரண்டரை மணி நேரம். அதற்குள் நான் பத்துப் பேருந்தை எல்லைக்குப் போய்த் திரும்ப வைப்பேன். அவருக்கு ஒரு கதவைத் தட்ட முடியவில்லை.

அவர் எனக்கு எழுத வேண்டாம். 'நலம்' என்று வந்தால் திருப்பி அனுப்புவேன். என்னிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம். நான் தங்கை, பாதி வழியிலேயே விட்டுக்கொடுத்துவிடுவேன், அது அவருக்கும் தெரியும்.

எங்கள் வேலையில் ஒரு முறை இருக்கிறது. நான் தப்பான நேரம் அச்சடித்துவிட்டால், ஓட்டுநரிடம் காதோடு சொன்னால் போதாது. எந்த நிறுத்தத்தில் தப்பு ஒட்டியிருக்கிறதோ, அதே பலகையில், எல்லோரும் படிக்கிற மாதிரி திருத்தத்தை ஒட்ட வேண்டும். 'திருத்தம்' என்ற சொல் மேலே இருக்க வேண்டும். கீழே என் கையெழுத்து.

அவர் அத்தனை பேர் முன்னால் சொன்னார். அந்த ஆறு நடிகர்களும் இன்னும் எங்கேயோ போய், 'ஒரு பைத்தியக்காரி எங்களைக் கொல்லப் பார்த்தாள்' என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். எனக்கு வேண்டியது எழுத்தில், அச்சில். முடியாது என்றால் அதுவும் சரி. பக்கம் காலியாகவே இருக்கட்டும். ஆனால் என்னைச் சமாதானப்படுத்த வேறு எதையும் அனுப்பாதே. யானை உட்பட.

அத்தை

பி.கு. தவளையாக நின்றாயே, மேலிருந்து மூன்றாவது படியில். அங்கே நின்றால் அரங்கத்தின் கடைசி வரிசை தெரிகிறதா? தெரிய வேண்டும் என்றுதான் அந்த உயரம் வைத்தேன். பார்க்கக் கிடைக்கவில்லை.


மே 2

அன்புள்ள அத்தை,

தெரிகிறது. நேற்று படிக்கட்டை மேடைக்கு இழுத்துப்போய் (லைட்காரர், வெண்கலம், நான்) ஏறிப் பார்த்தேன். கடைசி வரிசையில் யாராவது தூங்கினால் கொட்டாவி வரை தெரியும். வெண்கலம் உதவிக்கு வந்தார், ஆனால் எனக்கு முன்னால் படி ஏற மறுத்துவிட்டார். "நீ பின்னாடி வந்தா எனக்குப் பயமா இருக்கு."

இனி முக்கியமானது. உங்கள் கடிதத்தை அப்பாவிடமே கொடுத்தேன். நாடகம் போட வேண்டாம் என்றீர்களே, அதனால் வாய் திறக்காமல் நீட்டினேன். நின்றபடியே வாசித்தார். மடித்துக் கொடுத்துவிட்டு, "பிரின்டருக்கு எப்போ போகுது?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்றேன்.

புதனன்று மலர்க் குழுக் கூட்டம். தட்டச்சு செய்பவள் என்ற முறையில் எனக்கும் ஒரு நாற்காலி. அப்பா ஒரு தாளை எடுத்து வைத்தார், 61 என்று தலைப்பு. செயலாளர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது கொண்டாட்ட மலர். இதுல போய் இதெல்லாம் எதுக்கு சார்?"

"நடந்தது."

"திரை விழாத நாடகம் பதிவுல வராதே. அதுதானே நம்ம வழக்கம்."

"விழாததுக்குக் காரணம் நான். அந்தக் காரணத்தை எந்த எண்ணுக்குக் கீழே எழுதறது, நீங்களே சொல்லுங்க."

"அப்போ மூணாம் பக்கம்? ஒரு காட்சியும் நிற்காமல் காத்த மேலாளர்னு..."

அப்பா பேனாவை வாங்கி மூன்றாம் பக்கத்தைக் குறுக்கே அடித்தார். ஸ்கேல் வைத்து அடித்தார், அத்தை. கோணலாகக் கோடு போட அவருக்கு மனசு வராது. நான் அந்தப் பக்கத்தை மூன்று நாள் உட்கார்ந்து அடித்திருந்தேன். வருத்தமே வரவில்லை.

அப்புறம் செயலாளர், "சரி, அந்த இடத்துல ஒரு விளம்பரம் போட்டுக்கலாம்" என்றார். இப்போது மூன்றாம் பக்கத்தில் ஒரு மெத்தைக் கடை இருக்கிறது.

அச்சுக்குப் போனது இதுதான். ஒரு புள்ளிகூட நான் மாற்றவில்லை:

திருத்தம்.
61. மேலே யாரும் இல்லை. எழுத்து, இயக்கம், அரங்க அமைப்பு: என் தங்கை. நடிகர்கள்: அறுவர். காட்சிகள்: இல்லை. அரங்கேற்ற நாளன்று மேடை மேலாளரால் நிறுத்தப்பட்டது. படிக்கட்டு ஆடுவதாக அவர் சொன்னது தவறு. ஆடியது மேடைத் தரைப் பலகை. அதைக் கவனித்திருக்க வேண்டியவர் மேலாளர். அன்று மாலையே தெரிந்தும் அவர் சொல்லவில்லை. படிக்கட்டு பின்னர் பதினொரு நாடகங்களில் பயன்பட்டது. பழுது எதுவும் இல்லை.

கீழே கையெழுத்து. பதிவேட்டிலும் காலிப் பக்கத்தில் தன் கையாலேயே எழுதிவிட்டார்.

இன்னொரு செய்தி. திருத்தத்தைக் கணக்கு வாத்தியாருக்கு அனுப்பினோம். வந்து சண்டை போட்டார். "நான்தான் சொன்னேனே, 61-க்கு வந்தோம்னு. வாசல்லயே திருப்பி அனுப்பிட்டீங்க. ஆசையா கிளம்பி வந்தவ, அதான் அழுதா." அவர் யானையைப் பார்த்ததாகச் சொல்லவே இல்லை, அத்தை. நான்தான் சரியாகப் படிக்கவில்லை. மற்ற மூன்று பேரைப் பற்றி எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.

வாலு


மே 20

வாலு,

மலர் வந்து சேர்ந்தது. அட்டையைத் திருப்பினால் மெத்தைக் கடை மலர் மாதிரிதான் இருக்கிறது.

என் மேஜைக்கு மேலே, எல்லா வழித்தட அட்டவணைகளும் ஒட்டியிருக்கிற பலகையில், 61-ஐ வெட்டி ஒட்டினேன். ஓட்டுநர்கள் வந்து நின்று படிக்கிறார்கள். ஒருத்தர், "மேடம், இது எந்த ரூட்?" என்று கேட்டார்.

இயக்குநர் பெயர் வர வேண்டிய இடத்தில் 'என் தங்கை' என்று எழுதியிருக்கிறார். பதிவேட்டில் உறவு முறை எழுதுவது எந்த விதியில் இருக்கிறது? ஐம்பது வருஷத்தில் ஒருத்தருக்கும் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். அண்ணனிடம் சொல், நான் கவனித்தேன் என்று.

'மேலே யாரும் இல்லை'யின் பிரதியை எடுத்து வாசித்தேன். நீங்கள் யாராவது அதை ஜூனில் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். முதல் அங்கத்தில் எல்லோரும் மூச்சு விடாமல் தத்துவம் பேசுகிறார்கள். அன்றைக்குத் திரை விழுந்திருந்தால் அழுகிய தக்காளியும் சேர்ந்து விழுந்திருக்கும். படிக்கட்டு நன்றாக இருந்தது. நாடகம்தான் ஆடியது.

இங்கே இருக்கிற குழுவிடம் போய், எனக்கு இப்போது நேரமிருக்கிறது என்றேன். அவர்களிடம் மேடை இல்லை, ஒரு பள்ளிக்கூட ஹால்தான். அது எனக்குப் போதவில்லை. மனசில் ஒன்று இருக்கிறது. பேருந்து நிறுத்தம், நாலு பேர், வராத வண்டி. தலைக்கு மேலே ஒரு நடைபாலம் வேண்டும். ஆட்கள் மேலே போய்க்கொண்டே இருப்பார்கள். பாலம் என்றால் உயரம் தெரிய வேண்டும்.

நம் மேடையின் அளவு பழையது என்னிடம் இருக்கிறது. தரையை மாற்றியிருப்பீர்கள், அதனால் புதிதாக வேண்டும். தரையிலிருந்து மேல் விட்டம் வரை உயரம், முன் வாயின் அகலம், உள் ஆழம். நீ அளக்காதே, நீ யானை அளப்பாய். அண்ணனை அளக்கச் சொல்.

அத்தை


மே 27

அன்புள்ள அத்தை,

உங்கள் கடிதம் மதியம் வந்தது. அப்பா சாப்பாட்டுக் கையைக் கழுவிவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அடுப்பைப் பார்க்கவில்லை. அம்மாதான் ஓடிப்போய்ப் பார்த்தாள்.

அகலம் 28 அடி 4 அங்குலம். ஆழம் 22 அடி. இதில் சிக்கல் இல்லை. உயரம்தான். ஏணியில் அப்பா, கீழே டேப் முனையைப் பிடித்துக்கொண்டு நான். முதல் தடவை 17 அடி 9 அங்குலம். சந்தேகம் வந்து இரண்டாம் தடவை அளந்தார், 17 அடி 10. மூன்றாம் தடவை 17 அடி 9½. நான் டேப்பை ஆட்டவில்லை, சத்தியம். நிஜமாகவே நல்ல பிள்ளையாக நின்றேன்.

"ஒரே ஒரு எண்ணை எழுதுங்கப்பா, நடுவுல இருக்கறதை" என்றேன். ஏணியிலேயே நின்று ரொம்ப நேரம் மேல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணையும் எழுது. எது சரின்னு எனக்குத் தெரியலன்னு எழுது. அவளை வந்து அளந்துக்கச் சொல்லு. ஏணியை நான் பிடிச்சுக்கறேன்."

எழுதிவிட்டேன்.

வாலு